ஒரே மூச்சில் முப்பது வரை

தேர்வு முடிவு வந்த ஆறாவது நாள் நான் வேலைக்குச் சேர்ந்தேன். பட்டமளிப்பு விழா நடக்கவில்லை. பையில் ஒரு தற்காலிகப் பதிவுச் சான்று மட்டும் இருந்தது. வழக்கமாக எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் ஊருக்கு வந்து நாலைந்து வாரம் நன்றாகத் தூங்கி எழுந்து, அம்மா கையால் சாப்பிட்டு, அதற்குப் பிறகுதான் பயிற்சி மருத்துவராகப் போவார்கள். எங்களுக்கு அது வாய்க்கவில்லை. கொரோனாவின் இரண்டாம் அலை அப்போது உச்சத்தில் இருந்தது. வீட்டில் இருக்கும் புது மருத்துவர்கள் விருப்பப்பட்டால் காஞ்சிபுரத்துச் சிகிச்சை மையங்களில் உடனே சேரலாம் என்று எங்கள் கைப்பேசிகளுக்கு ஒரு செய்தி வந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் ஊர் திருப்புட்குழி. தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அப்பா தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். எங்கள் தெருவில் முதல் டாக்டர் நான்தான் என்பதை அம்மா பால்காரரிடம்கூடச் சொல்லாமல் விட்டதில்லை. அந்த அம்மாதான் இப்போது வாசலை மறித்து நின்றாள். இதற்காகத்தானா அஞ்சு வருஷம் படிக்க வைத்தோம் என்று கேட்டாள். இதற்காகத்தான் என்றேன். அது துணிச்சலாகச் சொன்ன பதில் இல்லை. எனக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியது. ஐந்து வருடம் நீச்சல் படித்தவளுக்கு முதன்முதலாகத் தண்ணீரைக் காட்டியது போல இருந்தது. அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மதியம் சாப்பாடு அங்கேயே கொடுப்பார்களா என்று.

மையம் என்பது சின்ன காஞ்சிபுரம் போகும் சாலையில் இருந்த ஒரு கல்யாண மண்டபம். மணமேடையின் தெர்மாகோல் அலங்காரத்தைக் கழற்ற யாருக்கும் நேரம் கிடைத்திருக்கவில்லை. இரண்டு வெள்ளை யானைகள் தும்பிக்கையைத் தூக்கியபடி நிற்க, அவற்றுக்குக் கீழே பத்துக் கட்டில்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஒரு இயந்திரம். கூடத்தில் லேசான நோய் உள்ளவர்கள். மேலே பந்திக்கூடத்தில் பெண்கள். பாதுகாப்பு உடை மாட்டும் இடம் மணமகள் அறை. தினமும் காலையில் ஏழு மணிக்கு ‘மணமகள் அறை’ என்ற பலகையைத் தாண்டி உள்ளே போய், கண்ணாடி முன்னால் நின்று, தலையிலிருந்து கால்வரை வெள்ளைப் பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டு வெளியே வருவேன். எந்த மணமகளுக்கும் அவ்வளவு வியர்த்திருக்காது.

நாங்கள் இருவர். என்னோடு படித்தவன் ஒருவன், வாலாஜாபாத்துக்காரன். அவன் அப்பா அரிசி ஆலையில் வேலை செய்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் டிரம்ஸ் வாசிப்பவர். மகனும் எதையாவது தட்டிக்கொண்டே இருப்பான். எங்களுக்கு மேலே பொறுப்பு மருத்துவர் ஒரு அம்மா இருந்தார். அவருக்கு இன்னும் இரண்டு மையங்களையும் கொடுத்திருந்தார்கள். காலையும் மாலையும் வந்து எல்லோரையும் பார்ப்பார், நடுவில் போனில் கிடைப்பார். நிலை மோசமாகும் நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்வார். ஆனால் மோசமாகிறது என்பதை நாங்கள்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் வாரத்திலேயே என் கை பழகிவிட்டது. ஊசி போட நரம்பு கிடைக்காதவர்களுக்கு என்னைக் கூப்பிடத் தொடங்கினார்கள். குப்புறப் படுக்கச் சொன்னால் மறுக்கும் ஆண்களைப் படுக்க வைக்கும் வித்தையும் கைவந்தது. அவர்கள் மனைவியை வீடியோவில் அழைத்து, போனைக் கட்டிலின் தலைமாட்டுக்குக் கீழே தரையில் வைத்துவிடுவேன். முகம் பார்க்க வேண்டுமென்றால் குப்புறத்தான் படுத்தாக வேண்டும்.

பத்தாவது நாளோ என்னவோ, ஒரு சாயப் பட்டறைக்காரர் வந்தார். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர், நாற்பது வயதிருக்கும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி எண்பத்தாறு காட்டியது என்று வெளியே பரிசோதனை செய்தவர்கள் பதறி அனுப்பியிருந்தார்கள். தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனாலே எங்களுக்குக் கவலை. எண்பத்தாறு என்றால் மேடைக் கட்டில். அன்று மேடையில் ஒரே ஒரு கட்டில்தான் காலி.

ஆனால் அந்த மனிதர் பேசிக்கொண்டே இருந்தார். கொதிக்கிற தொட்டியைப் பாதியில் விட்டு வந்ததாகவும், அது இறுகினால் நூல் முழுக்கத் திட்டுத்திட்டாகிவிடும் என்றும், தம்பிக்குப் பதம் தெரியாது என்றும் மூச்சு விடாமல் ஒரு நீளமான வாக்கியம். எண்பத்தாறில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். அவர் கையைப் பார்த்தேன். விரல் நகமெல்லாம் கருநீலம். அன்றைக்கு மயில் கழுத்து நிறம் ஏற்றிக்கொண்டிருந்தாராம். அந்தக் கருவி நகத்தின் வழியே வெளிச்சத்தைப் பாய்ச்சித்தான் கணக்குப் போடுகிறது. பட்டறையில் ரப்பர் பூட்ஸ் போடுவதால் அவர் கால் விரல்கள் சுத்தமாக இருந்தன. கருவியைக் கால் கட்டைவிரலில் மாட்டி, நிலைக்கும்வரை காத்திருந்தேன். தொண்ணூற்றேழு.

பொறுப்பு மருத்துவரை அழைத்துச் சொன்னேன். அவர் வந்து தானும் ஒரு முறை பார்த்துவிட்டு, லேசான நோய்தான், கூடத்தில் இரண்டு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். மேடையில் இருந்த அந்தக் கடைசிக் கட்டில் ஒரு மணி நேரத்தில் நிஜமாகவே தேவைப்பட்ட ஒருவருக்குப் போயிற்று. என் நண்பன் மேசையில் ஒரு தாளம் தட்டினான். எனக்கும் பெருமைதான். சாயக்காரரிடம், “உங்களுக்கு ஒண்ணும் இல்லண்ணா. சாயத்தால மெஷின் தப்பா காட்டுச்சு” என்று நானே சிரித்துக்கொண்டு சொன்னேன். இரண்டாம் நாள், தனிமையில் இருக்கச் சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பினோம்.

அவர் தனிமையில்தான் இருந்தார். அவருடைய போன் இருக்கவில்லை. நான் சொன்ன அந்த ஒரு வரி அவர் தெரு முழுக்கப் பரவியது. அந்தத் தெருவில் பாதிப் பேர் சாயம், பாதிப் பேர் தறி. எல்லோருக்குமே பரிசோதனைக்கு வரப் பயம். வீட்டு வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள், தறி நின்றுபோகும், ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்ப மாட்டார் என்றெல்லாம் பயம். அந்தப் பயத்துக்கு ஒரு டாக்டரின் வாக்கு கிடைத்துவிட்டது. கருவியோடு வீடுவீடாகப் போன பணியாளர்களிடம் விரல் நீட்டவே மறுத்தார்கள். எங்களுக்கு இது எதுவும் தெரியாது. அந்தத் தெருவிலிருந்து யாரும் வரவில்லை என்பதை நாங்கள் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டோம்.

பிறகு ஒரு காலை, ஆட்டோவில் ஒரு அம்மாவை அவருடைய மகன் கொண்டுவந்து இறக்கினார். மகனுக்கு முப்பது வயதிருக்கும், கைப்பேசிக் கடை வைத்திருப்பவர். அந்த அம்மாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்துத் தசைகள் இழுத்து இழுத்து மூச்சு வாங்கின. கருவி அறுபத்திரண்டு காட்டியது. ஆக்சிஜன் மாட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் சொல்லி, அது வரும்வரை நானும் நண்பனும் அவரைத் தாங்கி உட்கார வைத்திருந்தோம். எத்தனை நாளாக இப்படி என்று மகனைக் கேட்டேன்.

“நாலு நாளா மேடம். மெஷின் வச்சு பாக்க வந்தாங்க, அம்மாதான் வேணாம்னுச்சு. சாயத்துக்கு அது தப்பா காட்டும்னு டாக்டரே சொல்லிட்டாங்கன்னு தெருவுல பேசிக்கினாங்க.”

குறை சொல்லும் குரல் இல்லை அது. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அந்த டாக்டர் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. அந்த அம்மாவின் கையைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. சாயத்தைத் தொட்டே பல வருடம் ஆகியிருக்கும்.

மதியம் இரண்டு மணிக்கு அவர் இறந்துவிட்டதாகப் போன் வந்தது.

நான் மணமகள் அறைக்குப் போய் உடையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அழவில்லை. நடந்ததை ஒரு நோயாளியின் வரலாற்றை எழுதுவதுபோல மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். நான் சொன்னது தவறில்லை. அந்த ஒருவருக்கு அது முழு உண்மை. அவர் வாசலைத் தாண்டிய பிறகு அது பாதி உண்மை ஆகிவிட்டது. மீதிப் பாதியைச் சொல்லவேண்டியவளும் நான்தான். என் நண்பன் கதவருகே வந்து நின்று, உன்னால்தான் என்று நினைக்காதே, நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்றான். தெரியும் என்றேன். நாளைக் காலை என் வேலையையும் நீயே பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்காமலே சரி என்றான்.

பொறுப்பு மருத்துவருக்கு அதில் விருப்பமில்லை. வேலை செய்ய ஆளில்லாத நேரத்தில் இருக்கிற இரண்டு பேரில் ஒருத்தி தெருவுக்குப் போவதா என்றார். அங்கே இன்னும் எத்தனை பேர் வீட்டுக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது, அவர்கள் கடைசி நேரத்தில் வந்தால் நம் கட்டிலால் பயன் இல்லை என்றேன். காலை பதினொரு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அன்று மாலை நான் செய்த கடினமான வேலை, அந்த மகனுக்குப் போன் செய்ததுதான். அம்மாவைத் தகனம் செய்துவிட்டு வீட்டில் தனிமையில் இருந்தார். அந்த வார்த்தையைச் சொன்ன டாக்டர் நான்தான் என்று முதலில் சொன்னேன். எதற்காகச் சொன்னேன், யாருக்குச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். நாளைக் காலை உங்கள் தெருவுக்கு வரப் போகிறேன், யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள் என்று பயமாக இருக்கிறது என்றேன். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“நீங்க வாங்க மேடம்,” என்றார். “என்னால வெளிய வர முடியாது. எல்லார் நம்பரும் எங்கிட்ட இருக்குது. நான் சொல்லி வைக்கறேன்.”

மறுநாள் காலை ஏழரைக்கு அந்தத் தெருவில் நுழைந்தேன். ஒரு செவிலியர் கூட வந்தார். தெரு முழுக்கத் தறிச் சத்தம் கேட்டது. ஊரடங்கில் கடைதான் மூடியிருந்தது, தறிக்கு விடுமுறை இல்லை. கதவுகள் திறந்துதான் இருந்தன. அந்த மகன் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, என் அம்மாவுக்குச் செய்யாததை நீங்களாவது செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். பின்னால் ஒரு வீட்டில்தான் சொன்னார்கள்.

நாலாவது வீட்டில் ஒரு நெசவாளர் குழித் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். ஐம்பது தாண்டியவர், நெற்றியில் விபூதி. கரை தனி நிறம் என்பதால் அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கரை நூலை ஓட்டும் இரண்டாவது நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மனைவி எழுந்தார். அவர் எழவில்லை.

“எனக்கு ஒண்ணியும் இல்லமா. ஜுரம் வந்துச்சு, போச்சு. பாரு, நெய்துக்கினு தானே இருக்கேன்.”

பார்க்கத் திடமாகத்தான் இருந்தார். ஆனால் வாசலில் நின்றபடியே நான் அவர் மார்பைப் பார்த்து மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. ஐந்தாறு முறை நாடாவைத் தள்ளிவிட்டு, நூலைச் சரிபார்ப்பதுபோல ஒரு நிறுத்தம். நூலில் எந்தக் குறையும் இல்லை.

கருவியைக் காட்டினேன். கையை மடக்கிக்கொண்டார். விரல் நுனிகளில் அரக்குச் சிவப்பு லேசாக ஒட்டியிருந்தது. சாய நூலைத் தொட்ட கைம்மா, இதில் அது சரியாகக் காட்டாது, உங்கள் ஆள்களே சொன்னதுதான் என்றார். சொன்னது நான்தான் என்றேன். அவர் முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

கால் விரலில் மாட்டலாம்தான். ஆனால் இந்தத் தெருவில் கருவியின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது, அதில் என்ன எண் வந்தாலும் பயனில்லை என்று புரிந்தது. கல்லூரியில் எப்போதோ படித்த ஒரு சோதனை நினைவுக்கு வந்தது. அதற்குக் கருவியே வேண்டாம். கருவியைப் பைக்குள் போட்டேன்.

“மெஷினை விடுங்கய்யா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஒரே மூச்சுல எண்ணணும், நடுவுல மூச்சு இழுக்கக்கூடாது. மொதல்ல நான் எண்றேன்.”

இரண்டு முகக்கவசத்துக்குள் நான் முப்பது வரை போனேன். செவிலியர் முப்பத்து நாலு. அவர் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, முப்பதைத் தொட்டார். அப்புறம் எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் தறியை விட்டுக் கையை எடுத்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, ஏதோ பந்தயம்போல ஆழமாக மூச்சை இழுத்துத் தொடங்கினார். ஆறு வரை குரல் கணீரென்று இருந்தது. ஏழு, எட்டு. ஒன்பதில் குரல் உடைந்து, வாயைத் திறந்து காற்றை இழுத்தார். இன்னொரு முறை எண்ணுகிறேன் என்று அவரே கேட்டார். இம்முறை எட்டு.

பக்கத்து வீட்டுத் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மனைவிதான் பேசினார். “நெய்யும்போது சாமி பாட்டு பாடிக்கினே இருப்பாரு டாக்டரம்மா. மூணு நாளா பாடல. கோவத்துல இருக்காருன்னு நெனச்சேன்.”

நான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். நுரையீரல் பாதிக்கப்பட்டிருக்கும், வலி தெரியாது, அதனால்தான் ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது என்றேன். இன்றைக்கே வந்தால் என்னிடம் கட்டிலும் மருந்தும் இருக்கின்றன, மூன்று நாள் கழித்து வந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு நான் சும்மா நிற்க வேண்டியிருக்கும் என்றேன். நேற்று அப்படித்தான் நின்றேன் என்றும் சொன்னேன். அந்த அம்மாவை அவருக்குத் தெரியும்.

“திரும்பி வந்துடுவேனா?” என்று கேட்டார்.

அந்த வேலையில் யாருக்கும் உறுதி கொடுக்கக் கூடாது. அது எனக்குத் தெரியும். “வருவீங்கன்னு நெனைக்கறேன்யா. இப்ப வந்தா” என்றேன். நினைத்ததைத்தான் சொன்னேன்.

அவர் தறிக்குழியிலிருந்து கையூன்றி எழுந்தார். நின்றதும் தள்ளாடினார். அப்போது காலில் கருவியை மாட்டினேன், எண்பத்து மூன்று. அதை அவரிடம் காட்டவில்லை, செவிலியரிடம் மட்டும் காட்டினேன். பதினைந்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. தறியில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டு, சட்டை மாட்டிக்கொண்டு ஏறினார்.

அந்தக் காலையில் மட்டும் அந்தத் தெருவிலிருந்து அவரையும் சேர்த்து மூன்று பேரை அழைத்துப்போனோம். பதினொன்றரைக்குத்தான் திரும்பினேன். பொறுப்பு மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு மூன்று ஸ்ட்ரெச்சர்களைப் பார்த்தார். மறுநாள் அதேபோல வேறு இரண்டு தெருக்களுக்கு என் நண்பனை அனுப்பினார்.

எண்ணும் விஷயம் சாயத்தைவிட வேகமாகப் பரவியது. கைப்பேசிக் கடைக்காரர் தன் வீட்டிலிருந்தபடியே அதை ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்பினார். நான் கேட்டுக்கொண்டபடி, இருபதைத் தாண்ட முடியாதவர்கள் உடனே வரவேண்டும், தாண்டினாலும் மூச்சு வாங்கினால் கட்டாயம் வரவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருந்தார். பிறகு ஒரு வாரத்துக்கு எங்களுக்கு வேறு விதமான கூட்டம். நாற்பது வருடம் பீடி குடித்த ஒருவர் பதினைந்தில் நின்றுவிட்டேன் என்று நடுங்கிக்கொண்டு வந்தார். அவருக்குக் கொரோனாவே இல்லை. இரண்டு அண்ணன் தம்பிகள் யார் அதிகம் எண்ணுவது என்று போட்டி போட்டு, தலை சுற்றி, ஒருவர் இன்னொருவரைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். திட்டி அனுப்பினேன். ஆனால் நீல உதட்டோடு அந்தத் தெருவிலிருந்து இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

நெசவாளருக்கு முதல் நாலு நாள் கடுமையாக இருந்தது. மூன்றாம் நாள் மாலை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாமா என்று பொறுப்பு மருத்துவரும் நானும் அவர் கட்டிலருகே நின்று யோசித்தோம். குப்புறவே படுத்திருந்தார், சொன்னதையெல்லாம் செய்தார். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை நான் போகும்போது என்னைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குவார். பதினொன்று, பதினொன்று, பதினாலு, பன்னிரண்டு, பதினேழு. பன்னிரண்டு நாளில் வீட்டுக்குப் போனார். அதற்குள் அவர் மனைவிக்கும் லேசாக வந்து போயிருந்தது.

எல்லோரும் அப்படிப் போகவில்லை. அந்த மண்டபத்திலிருந்து நாங்கள் அனுப்பியவர்களில் திரும்பாதவர்கள் உண்டு. அவர்களுடைய முகங்கள் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நாட்களை நினைக்கும்போது எனக்குப் பயம் ஞாபகம் வருவதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்ததும், தெரியாதபோது யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்ததும்தான் ஞாபகம் வருகின்றன.

அலை தணிந்ததும் மண்டபத்தைத் திருப்பிக் கொடுத்தோம். நானும் நண்பனும் கல்லூரிக்குப் போய் முறைப்படி பயிற்சி மருத்துவர்களாகச் சேர்ந்தோம். இப்போது வாலாஜாபாத் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். காலையில் வரிசை நீளமாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் மருந்தையும் நோயையும் சொல்லி முடித்த பிறகு, வீட்டுக்குப் போய், நான் இன்னா சொன்னேன்னு சொல்லுவீங்க என்று கேட்பேன். நேரம் ஆகிறது என்று மருந்தாளுநர் முணுமுணுப்பார். போன வாரம் சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவர் அதற்கு, டாக்டரம்மா மாம்பழம் சாப்பிடலாம்னு சொன்னாங்கன்னு சொல்லுவேன் என்றார். மறுபடி உட்காரச் சொல்லி, எத்தனை துண்டு என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.